கடலிலிருந்து காத்மாண்டு வரை: நிலஞ்சூழ் நகரத்தின் இறக்குமதி வழி

1. ஓடும் நாளும் நிற்கும் நாளும்

காத்மாண்டு நகரத்துக்கு மிக அருகிலுள்ள கடல் வங்காள விரிகுடா. கொல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு ரயிலில் 704 கிலோமீட்டர் வடக்கே சென்று, நேபாள எல்லையிலுள்ள பிர்கஞ்ச் நகரத்தை அடைகிறது. அங்கிருந்து லாரியில் ஏறத்தாழ 275 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஏறி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடையில் தடை ஏதும் இல்லையென்றால் ரயிலுக்கும் லாரிக்கும் இது சில நாள் வேலைதான்.

ஆனால் எந்தச் சரக்கும் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருப்பதில்லை. கப்பலிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து லாரிக்கு என்று அது கைமாறிக்கொண்டே வருகிறது. கைமாறும் இடந்தோறும் நிற்கிறது. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒருவருக்குக் கிடங்கு வாடகையும், இன்னொருவருக்குச் சரக்குப் பெட்டக (கன்டெய்னர்) வாடகையும், வங்கிக்கு வட்டியும் ஏறுகின்றன. நிலஞ்சூழ் நகரத்தின் இறக்குமதியைப் புரிந்துகொள்ள வரைபடத்தில் தூரத்தை அளந்தால் மட்டும் போதாது. சரக்கு எங்கெங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

உலகில் கடற்கரையே இல்லாத நாடுகள் 44. அவற்றுள் 32 நாடுகளை நிலஞ்சூழ் வளரும் நாடுகள் என ஐக்கிய நாடுகள் அவை தனியே வகைப்படுத்தியிருக்கிறது. நேபாளம் அவற்றுள் ஒன்று. கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் இந்தியா, வடக்கில் இமயமலையும் அதற்கப்பால் சீனாவின் திபெத்தும் இருப்பதால், கடலுக்குச் செல்லும் நேபாளத்தின் வழிகள் எல்லாம் பிறர் மண்ணின் மீதே அமைந்தவை. காத்மாண்டின் நிலை இன்னும் ஒரு படி கடினமானது. நேபாளத்தின் சமவெளிக்குள் சரக்கு வந்த பிறகும் தலைநகரை அடைய மகாபாரத மலைத்தொடரைத் தாண்டியாக வேண்டும்.

2. முதுகிலும் கம்பியிலும் வந்த சரக்கு

1950-களின் நடுப்பகுதி வரை காத்மாண்டைச் சமவெளியோடு இணைக்கும் மோட்டார் சாலை கிடையாது. இந்திய ரயில் எல்லையிலுள்ள ரக்சாலோடு நின்றது. 1927-ல் ரக்சாலிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை நேபாள அரசு குறுகிய பாதை ரயில் ஒன்றை அமைத்தது. அம்லேக்கஞ்சிலிருந்து மலையடிவாரத்திலுள்ள பீம்பேதி வரை வண்டிகள் சென்றன. அதற்கப்பால் சீசாபானிகடி, சந்திரகிரி ஆகிய மேடுகளைக் கால்நடையாகத்தான் கடக்க வேண்டும். நகரத்துக்குள் வந்த துணி, உப்பு, மண்ணெண்ணெய், இயந்திரம் எல்லாம் சுமைகூலிகளின் முதுகில் வந்தவையே. நெற்றியில் பட்டை கட்டி, முதுகில் கூடை தாங்கி மலையேறும் அந்த மக்களின் உழைப்பில்தான் நகரம் நடந்தது.

ராணா ஆட்சியாளர்களின் மோட்டார் கார்களும் இதே வழியில்தான் வந்தன. சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நீண்ட மூங்கில்களின் மேல் காரை வைத்துக் கட்டி, பல பத்துப் பேர் தோள்கொடுத்துத் தூக்கி வந்தனர். பள்ளத்தாக்குக்குள் ஓடத் தெருக்கள் இருந்தன. வந்து சேரச் சாலை இல்லை. இந்தக் காட்சியைப் பதிவு செய்த 1940-களின் புகைப்படங்கள் இன்றும் உள்ளன.

அந்த ஆட்சியாளர்களுள் ஒருவரான சந்திர சம்சேர் ராணாவின் காலத்தில், 1920-களில், பீம்பேதிக்கு அருகிலுள்ள துர்சிங்கிலிருந்து பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள மாதாதீர்த்தம் வரை சுமார் 22 கிலோமீட்டர் நீளத்தில் மின்விசையால் இயங்கும் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது. மனித முதுகு சுமந்த பாரத்தில் ஒரு பகுதியை இரும்புக் கம்பி ஏற்றுக்கொண்டது. அமெரிக்க உதவியோடு ஹேட்டவுடாவிலிருந்து காத்மாண்டு வரை 42 கிலோமீட்டருக்கு இரண்டாவது கம்பிவடப் பாதை 1964-ல் இயங்கத் தொடங்கியது. சிமெண்டும் தானியமும் மலைகளின் மேல் தொங்கியபடி நகரத்துக்கு வந்தன. லாரிப் போக்குவரத்து பெருகப் பெருக அதன் பயன் குறைந்து, பின்னர் அது கைவிடப்பட்டது.

இந்தியா கட்டித் தந்த திரிபுவன் ராஜபாதை 1956-ல் முடிந்ததும் நிலைமை அடியோடு மாறியது. சமவெளியிலிருந்து சிம்பன்ஜியாங் கணவாயில் 2,488 மீட்டர் வரை ஏறி, டாமன் வழியாக நௌபிசேக்கு இறங்கும் அந்தச் சாலை, காத்மாண்டுக்குள் லாரி வரக்கூடிய முதல் வழி. கூலிகளின் தோள் மாற்றமும் கம்பிவடத்தின் இரு முனைகளில் ஏற்றி இறக்கும் வேலையும் இல்லாமலே எல்லையில் ஏற்றிய சரக்கு நகரத்தில் இறங்க முடிந்தது.

3. வழியுரிமை

சாலை இருந்தால் மட்டும் வழி கிடைத்துவிடாது. அயல்நாட்டு மண்ணில் சரக்கைக் கொண்டுசெல்ல அந்நாட்டின் இசைவு வேண்டும். வணிகர்கள் டிரான்சிட் என்று சொல்லும் இந்த இடைவழிப் போக்குவரத்து உரிமை, காத்மாண்டின் இறக்குமதிக்கு அடித்தளம்.

பிரிட்டிஷ் இந்தியாவும் நேபாளமும் 1923-ல் செய்துகொண்ட உடன்படிக்கையில், நேபாள அரசுக்காக இந்தியத் துறைமுகங்களில் இறங்கி உடனே நேபாளத்துக்குச் செல்லும் பொருள்களுக்கு அங்கே சுங்கவரி இல்லை என்று ஏற்கப்பட்டது. சுதந்திர இந்தியாவுடன் 1950 ஜூலை 31 அன்று செய்யப்பட்ட வணிக ஒப்பந்தம் இந்திய நிலத்தின் வழியாகவும் துறைமுகங்களின் வழியாகவும் சரக்குக் கொண்டுசெல்லும் உரிமையை நேபாளத்துக்கு அளித்தது. அதே ஒப்பந்தம், பிற நாட்டுப் பொருள்களுக்கு நேபாளம் விதிக்கும் வரி இந்தியாவின் வரியைவிடக் குறைவாக இருக்கலாகாது என்றும் கட்டுப்படுத்தியது. 1960-ல் வந்த ஒப்பந்தத்தில் அந்தக் கட்டு நீங்கியது. 1978-ல் வணிகத்துக்கு ஓர் ஒப்பந்தம், இடைவழிப் போக்குவரத்துக்கு வேறோர் ஒப்பந்தம் எனப் பிரிக்கப்பட்டன. வணிகத்தில் எழும் பூசல் கடல்வழியைப் பாதிக்கக் கூடாது என்ற நேபாளத்தின் நெடுநாள் கோரிக்கை அப்போது நிறைவேறியது. 1999-ல் புதுப்பிக்கப்பட்ட இடைவழி ஒப்பந்தம், ஏழாண்டுக்கு ஒருமுறை தானே நீளும் வகையில் அமைந்தது. 2023 ஜூன் மாதம் புதுதில்லியில் கையெழுத்தான அதன் திருத்த வடிவம் இந்தியாவின் உள்நாட்டு நீர்வழிகளையும் நேபாளச் சரக்குக்குத் திறந்தது.

பன்னாட்டுச் சட்டமும் இந்த உரிமையைப் பேசுகிறது. 1921-ன் பார்சிலோனா உடன்படிக்கையும், நிலஞ்சூழ் நாடுகளின் வணிகம் பற்றிய 1965-ன் நியூயார்க் உடன்படிக்கையும் அதற்கு முன்னோடிகள். 1982-ல் உருவான ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 125-ஆம் பிரிவு, நிலஞ்சூழ் நாடுகளுக்குக் கடலை அணுகும் உரிமையும் இடைவழிச் சுதந்திரமும் உண்டு என்கிறது. 127-ஆம் பிரிவு, இடைவழிச் சரக்கின் மீது சுங்கவரி போடலாகாது என்றும், செய்த பணிக்குரிய கட்டணத்தை மட்டுமே வாங்கலாம் என்றும் வரையறுக்கிறது. ஆனால் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதே 125-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே எந்தத் துறைமுகம், எந்த எல்லைவாசல், எந்தப் படிவம் என்பவை எல்லாம் இரு நாட்டு ஒப்பந்தத்தாலேயே உறுதியாகின்றன.

4. ஆற்றுக்குள் இருக்கும் துறைமுகம்

நேபாளத்தின் மரபான கடல்வாசல் கொல்கத்தா. அது கடலோரத் துறைமுகமன்று, ஹூக்ளி ஆற்றுத் துறைமுகம். ஆற்றின் முகத்துக்கு வெளியே சாண்ட்ஹெட்ஸ் என்னும் பகுதியிலிருந்து கொல்கத்தாத் துறைகள் 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கின்றன. மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டேயிருக்கும் ஆறாகையால் வழிகாட்டி மாலுமியின் துணையோடுதான் கப்பல் வர வேண்டும். 1892-ல் திறக்கப்பட்ட கிடர்பூர் துறையும் பிற்காலத்தில் திறக்கப்பட்ட நேதாஜி சுபாஷ் துறையும் மதகுக் கதவுகளுக்குள் நீரைத் தேக்கி வைத்திருப்பவை. ஆற்றில் ஏற்றம் வரும் நேரம் பார்த்துத்தான் கப்பல் கதவைக் கடக்க முடியும்.

ஹூக்ளியின் பெருநோய் வண்டல். கங்கை நீரைத் திருப்பிவிட்டு வண்டலை அடித்துச் செல்லச் செய்யலாம் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்ட பராக்கா அணை 1975-ல் செயல்படத் தொடங்கியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஹால்டியாத் துறை 1977-ல் திறக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் கொல்கத்தாத் துறைக்குள் வரும் கப்பல் நீருக்குள் அமிழக்கூடிய ஆழம் 7, 8 மீட்டர் அளவிலேயே இருக்கிறது. இன்றைய பெருங்கன்டெய்னர் கப்பல் முழுப் பாரத்தோடு மிதக்க 14 மீட்டருக்கு மேல் வேண்டும்.

அதனால் ஷாங்காயிலோ ஹாம்பர்க்கிலோ காத்மாண்டுக்கென ஏற்றப்படும் சரக்குப் பெட்டகம், ஏற்றிய கப்பலிலேயே கொல்கத்தாவுக்கு வருவதில்லை. சிங்கப்பூர், மலேசியாவின் போர்ட் கிளாங், கொழும்பு ஆகிய துறைமுகங்களில் தாய்க்கப்பல் அதை இறக்கிவிட்டுப் போகிறது. ஃபீடர் எனப்படும் சிறிய இணைப்புக் கப்பல் அதை எடுத்துக்கொண்டு ஹூக்ளிக்குள் நுழைகிறது. இந்தியக் கரையைத் தொடும் முன்பே சரக்கு ஒருமுறை கைமாறிவிடுகிறது. இணைப்புக் கப்பலில் இடம் கிடைக்கும்வரை பெட்டகம் அயல் துறைமுகத்தின் அடுக்கில் காத்திருக்கும். கச்சாச் சமையல் எண்ணெய் போன்ற திரவச் சரக்குகளுக்கு ஹால்டியா பயன்படுகிறது.

5. இந்திய மண்ணைக் கடத்தல்

கொல்கத்தாவில் இறங்கும் நேபாளச் சரக்கு இந்தியாவுக்கு இறக்குமதியான சரக்கன்று. அதன்மேல் இந்திய வரி கிடையாது. ஆனால் வழியில் அது இந்தியச் சந்தையில் இறங்கிவிட்டால் இந்திய அரசுக்கு வரி இழப்பு. இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள எல்லை, மக்கள் தடையின்றிப் போய்வரும் திறந்த எல்லை என்பதால் இந்த ஐயம் எப்போதும் இருந்துவந்தது. இடைவழி நடைமுறைகள் முழுவதும் இந்த ஒரே ஐயத்தைப் போக்க அமைந்தவை.

பழைய முறையில் இறக்குமதியாளரின் கிளியரிங் ஏஜென்ட் கொல்கத்தாச் சுங்கத்தில் இடைவழி அறிவிப்புப் படிவம் தாக்கல் செய்வார். கப்பல் நிறுவனம் தந்த சரக்கு ரசீது, விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், வங்கியின் கடன் உறுதிக் கடிதம் ஆகியவற்றோடு அது ஒப்பிட்டுப் பார்க்கப்படும். பெட்டகத்தின் முத்திரை உடையாமல் இருந்தால் பொதுவாகத் திறப்பதில்லை. எளிதில் இந்தியச் சந்தையில் விலைபோகக்கூடிய பொருள்களுக்கு, இந்திய வரிக்கு ஈடாகக் காப்பீடு எடுத்துச் சுங்கத்தின் பெயரில் வைக்க வேண்டும். பெட்டகத்துக்குச் சுங்கம் தன் பூட்டைப் போடும். எல்லைச் சுங்கச் சாவடியில் அந்தப் பூட்டைச் சரிபார்த்து, சரக்கு நேபாளத்துக்குள் போய்விட்டது என்று சான்றளித்து, படிவத்தின் பிரதியைக் கொல்கத்தாவுக்கு அனுப்புவார்கள். அந்தப் பிரதி வந்து சேர்ந்தால்தான் இறக்குமதியாளரின் பொறுப்பு தீரும். ஒரு படிவத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடப் பெட்டகம் துறைமுகத்திலேயே கிடக்கும்.

இந்த முறையில் ஆழமான மாற்றம் 2019-ல் நடைமுறைக்கு வந்த மின்னணுச் சரக்குக் கண்காணிப்பால் நேர்ந்தது. பெட்டகத்தின் கதவில் செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தைத் தெரிவிக்கும் பூட்டு போடப்படுகிறது. வழி மாறினாலும் பூட்டில் கைவைத்தாலும் சுங்க அதிகாரிகளுக்கு எச்சரிக்கை போகிறது. பெட்டகத்தைப் பிர்கஞ்ச் வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பைக் கப்பல் நிறுவனமே ஏற்கிறது. இறக்குமதியாளர் கொல்கத்தாவில் ஆள் வைத்து இடைவழிப் படிவம் தாக்கல் செய்யத் தேவையில்லை. சரக்கு நேபாள எல்லையில்தான் முதல்முதலாகச் சுங்கத்தைச் சந்திக்கிறது. தாளும் காப்பீடும் செய்துவந்த உறுதிமொழியை ஒரு பூட்டு செய்கிறது. வழியின் நீளம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை என்றாலும் துறைமுகத்தில் நிற்க வேண்டிய ஒரு காரணம் மறைந்தது.

6. பிர்கஞ்ச் உலர் துறைமுகம்

கடலில்லாத இடத்தில் துறைமுகத்தின் வேலைகளைச் செய்யும் முற்றத்தை உலர் துறைமுகம் என்கிறார்கள். பெட்டகத்தை ரயிலிலிருந்து இறக்குதல், அடுக்கி வைத்தல், சுங்கப் பரிசோதனை, வரி வசூல், லாரியில் ஏற்றுதல் ஆகியவை அங்கே நடக்கும். உலக வங்கியின் கடனுதவியோடு பிர்கஞ்சுக்கு அருகிலுள்ள சிர்சியாவில் கட்டப்பட்ட உலர் துறைமுகம் 2004 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. ரக்சாலிலிருந்து சிர்சியா வரை சுமார் 6 கிலோமீட்டர் அகலப்பாதை போடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் இரு நாடுகளும் ரயில் சேவை ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே அந்தப் பாதையில் சரக்கு ரயில் ஓடியது. 45 வேகன்கள் கொண்ட ஒரு கன்டெய்னர் ரயில் 20 அடிப் பெட்டகங்கள் 90-ஐ ஒரே ஓட்டத்தில் கொண்டுவரும்.

தொடக்கத்தில் இந்தியாவின் அரசு நிறுவனமான கன்டெய்னர் கார்ப்பரேஷன் மட்டுமே இந்த ரயில்களை இயக்கியது. ரயில் நிறையப் பெட்டகங்கள் சேரும்வரை கொல்கத்தாவில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-ல் ரயில் சேவை ஒப்பந்தம் திருத்தப்பட்டு, இந்தியாவில் உரிமம் பெற்ற தனியார் ரயில் இயக்குநர்களுக்கும் வழி திறந்தது. சாலை வழியே வரும் சரக்குக்கென 2018-ல் பிர்கஞ்சில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. அதற்கு முன் ரக்சால் நகரத்தின் நெருக்கடியான தெருக்களில்தான் லாரிகள் வரிசைகட்டி நின்றன.

நேபாளத்தின் சுங்கவரியும் 13 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் இங்கே செலுத்தப்படுகின்றன. நேபாள அரசின் வரி வருவாயில் பெரும்பங்கு எல்லைச் சாவடிகளில்தான் திரள்கிறது. அதனால் எல்லையில் போக்குவரத்து தடைபட்டால் அரசின் கஜானாவும் உடனே வறள்கிறது. பொருளின் மதிப்பைக் கணிப்பதில் வணிகருக்கும் சுங்கத்துக்கும் ஏற்படும் கருத்து வேறுபாடு, சரக்கு இங்கே தங்குவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று.

7. கடைசி மலை

பிர்கஞ்சுக்கும் காத்மாண்டுக்கும் வானில் கோடு போட்டால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பாரவண்டிகள் ஓடும் சாலை அதைப் போல மூன்று மடங்கு. பத்லையா, ஹேட்டவுடா வழியாக மேற்கே நாராயண்கட் வரை சென்று, திரிசூலி ஆற்றோரமாக முக்லிங் வந்து, பிருத்வி நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பி, நௌபிசேயிலிருந்து நாக்துங்கா ஏற்றத்தைக் கடந்து தான்கோட்டில் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். திரிபுவன் ராஜபாதை தூரத்தில் குறைவு. ஆனால் அதன் செங்குத்தான ஏற்றமும் வளைவுகளும் பாரவண்டிக்கு ஒவ்வாதவை. ஆகவே சுற்றுவழியே முதன்மைவழி ஆனது.

இந்த வழியின் பலவீனமான கண்ணி 36 கிலோமீட்டர் நீளமுள்ள நாராயண்கட்–முக்லிங் பகுதி. ஒரு பக்கம் நொறுங்கும் மலைச்சரிவு, மறுபக்கம் ஆழத்தில் ஆறு. மழைக்காலத்தில் மண்சரிந்து சாலை அடைபடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. 2024 ஜூலையில் இங்கே சரிந்த மண் இரண்டு பேருந்துகளை அப்படியே திரிசூலிக்குள் தள்ளியது. பல உயிர்கள் போயின. நகரத்துக்கு உணவும் மருந்தும் கொண்டுவரும் ஓட்டுநர்கள் இதே சரிவின் அடியில்தான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஓட்டுகிறார்கள். புரட்டாசி, ஐப்பசியையொட்டி வரும் தசைன் திருவிழாவுக்கான சரக்கு, மழை ஓய்வதற்கு முன்பே மலையேற வேண்டியிருக்கிறது. நகரத்தின் தேவை உச்சத்தை நெருங்கும் வாரங்களில் சாலை மிக மோசமாக இருக்கிறது.

இந்தச் சாலையின் காரணமாகவே பெரும்பாலான பெட்டகங்கள் பிர்கஞ்சைத் தாண்டுவதில்லை. 40 அடிப் பெட்டகத்தை ஏற்றிய நீள வண்டி வளைவுகளில் திரும்புவது கடினம். பெட்டகம் மலையேறித் திரும்பி வரும்வரை கப்பல் நிறுவனத்துக்கு நாள்வாடகை தர வேண்டியிருப்பதும் ஒரு காரணம். சரக்கை எல்லையிலேயே பிரித்து நேபாள லாரிகளில் ஏற்றிவிடுகிறார்கள். பெட்டகத்தின் முதன்மையான பயன், அதைத் திறக்காமலே தொடக்கத்திலிருந்து முடிவுவரை கொண்டுபோகலாம் என்பது. காத்மாண்டைப் பொறுத்தவரை அந்தப் பயன் எல்லையோடு முடிந்துவிடுகிறது.

நிலைமையை மாற்றும் பணிகள் நடந்துவருகின்றன. ஜப்பானின் உதவியோடு நாக்துங்காவில் சுமார் 2.7 கிலோமீட்டர் சுரங்கப்பாதை குடையப்பட்டது. பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பிலுள்ள கோக்கனாவிலிருந்து சமவெளியிலுள்ள நிஜ்கட் வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவுச்சாலை 2017 முதல் நேபாள ராணுவத்தின் பொறுப்பில் கட்டப்படுகிறது. பள்ளத்தாக்குக்குள் சோபாரில் 2022-ல் ஓர் உலர் துறைமுகம் திறக்கப்பட்டது. விரைவுச்சாலை முடிந்து, முத்திரை உடையாத பெட்டகம் சோபார் வரை வர முடிந்தால், எல்லையில் பிரித்து ஏற்றும் வேலை இல்லாமல் போகும்.

8. காலிப் பெட்டகத்தின் விலை

பெட்டகம் சரக்கு உரிமையாளருடையதன்று, கப்பல் நிறுவனத்தின் சொத்து. சரக்கை இறக்கியபின் அதைக் கொல்கத்தாவிலுள்ள நிறுவனத்தின் முற்றத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்கள் வரை வாடகை கிடையாது. அதன்பின் நாள்தோறும் கட்டணம் உண்டு. நாள் ஆக ஆகக் கட்டண விகிதமும் படிப்படியாக ஏறும். துறைமுக முற்றத்தில் தேங்குவதற்கு ஒரு கட்டணம், பெட்டகத்தைத் திருப்பித் தரத் தாமதிப்பதற்கு வேறொரு கட்டணம். வணிகர் மொழியில் முன்னது டெமரேஜ், பின்னது டிடென்ஷன். கடலோர நகரத்து வணிகர் இந்த இலவச நாட்களுக்குள் வேலையை முடித்துவிடுவார். நிலஞ்சூழ் நகரத்து வணிகருக்கு அந்த நாட்களில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடுகிறது.

திரும்பும் பெட்டகத்தில் ஏற்றிவிட ஏற்றுமதிச் சரக்கு இருந்தால் போக்குவரவுச் செலவு இரண்டாகப் பிரியும். நேபாளத்தின் இறக்குமதி, மதிப்பில் அதன் ஏற்றுமதியைப் போலப் பல மடங்கு. கம்பளம், ஆயத்த ஆடை, பஷ்மினா சால்வை, தேயிலை ஆகியவை கடல்கடந்து போனாலும், வந்த பெட்டகங்களை நிரப்ப அவை போதா. பெரும்பாலான பெட்டகங்கள் காலியாகவே தெற்கே திரும்புகின்றன. காற்றை ஏற்றிக்கொண்டு போகும் அந்த ரயிலின் கூலியும், வந்த சரக்கின் விலையில்தான் ஏறுகிறது. காத்மாண்டில் ஒரு பள்ளி வாங்கும் கணினியின் விலையில் திரும்பிப் போகும் வெற்றுப் பெட்டகத்தின் பங்கும் இருக்கிறது.

9. வழி அடைபட்ட இரண்டு முறை

ஒரே வழியை நம்பியிருப்பதன் ஆபத்தை நேபாளம் அண்மைக் காலத்தில் இரண்டு முறை உணர்ந்தது. வணிக, இடைவழி ஒப்பந்தங்கள் காலாவதியானபின் புதுப்பிப்பதில் உடன்பாடு ஏற்படாததால் 1989 மார்ச் 23 அன்று இந்தியா பெரும்பாலான எல்லைவாசல்களை மூடியது. ரக்சாலும் ஜோக்பனியும் மட்டுமே திறந்திருந்தன. மண்ணெண்ணெய் கிடைக்காமல் மக்கள் விறகுக்குத் திரும்பினர், காடுகள் வெட்டுப்பட்டன. 1990-ல் நேபாளத்தில் ஆட்சிமுறை மாறியபின் அந்த ஆண்டு நடுவில் இயல்புநிலை திரும்பியது.

இரண்டாவது முறை 2015-ல். ஏப்ரல் 25 நிலநடுக்கத்தால் நாடு நொறுங்கியிருந்த ஆண்டு அது. செப்டம்பர் 20 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. தமக்குரிய பங்கு அதில் கிடைக்கவில்லை என்று சமவெளியின் மதேசி மக்கள் எல்லையில் போராடினர். சரக்குப் போக்குவரத்து 2016 பிப்ரவரி வரை முடங்கியது. இந்தியாதான் வழியை அடைத்தது என்று நேபாள அரசு குற்றஞ்சாட்டியது. எல்லைக்கு அப்பால் நடக்கும் போராட்டமே காரணம் என்று இந்தியா மறுத்தது. காத்மாண்டில் சமையல் எரிவாயுவும் பெட்ரோலும் மருந்தும் அரிதாயின. இடிந்த வீட்டைக் கட்டத் தொடங்க வேண்டியவர்கள் குளிர்காலத்தில் தகரக் கொட்டகைகளில் காத்திருந்தனர். இரண்டு முறையும் ரயில்பாதையும் சாலையும் பழுதில்லாமல்தான் இருந்தன. அவற்றின்மேல் சரக்கு ஓடவில்லை.

10. மாற்று வழிகள்

இந்த அனுபவங்களுக்குப் பிறகு நேபாளம் வழிகளைப் பெருக்க முயன்றது. 2016-ல் விசாகப்பட்டினத் துறைமுகத்தைப் பயன்படுத்த இந்தியாவுடன் இசைவு ஏற்பட்டது. அங்கிருந்து பிர்கஞ்ச் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர், அதாவது கொல்கத்தா வழியைப் போல இரு மடங்கு. ஆயினும் பெரிய கப்பல்கள் அங்கே நேராக அணைகின்றன. நீரேற்றம் பார்த்துக் காத்திருக்கவோ, இணைப்புக் கப்பலுக்கு மாற்றவோ தேவையில்லை. துறையில் நெரிசலும் குறைவு. இரு மடங்கு தூரமுள்ள வழி போட்டிக்கு நிற்க முடிகிறது என்பதே, சரக்கின் செலவைத் தூரம் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்குத் தெளிவான சான்று.

வடக்கு வழியும் சட்டப்படி திறந்தது. 2016 மார்ச்சில் சீனாவுடன் இடைவழி ஒப்பந்தமும், 2019 ஏப்ரலில் அதன் நடைமுறை விதிகளும் கையெழுத்தாயின. தியான்ஜின், ஷென்ஜென், லியான்யுன்காங், ஜான்ஜியாங் ஆகிய நான்கு துறைமுகங்களும், லாஞ்சோ, லாசா, ஷிகாட்சே ஆகிய மூன்று உலர் துறைமுகங்களும் நேபாளத்துக்குத் திறந்தன. ஆனால் தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எல்லையிலுள்ள தாதோபானி வாசல் 2015 நிலநடுக்கத்தில் அடைபட்டு 2019-ல்தான் மீண்டும் திறந்தது. மற்றோர் எல்லைவாசலான ரசுவாகடியின் நட்புப் பாலத்தை 2025 ஜூலையில் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. கடல்கடந்த சரக்குக்கு வடக்கு வழி இன்னும் பெரிதாகப் பயன்படவில்லை. இந்தியா ஒருநாள் மறுத்தால் பேச ஓர் இடம் உண்டு என்ற வலுவை அது நேபாளத்துக்குத் தருகிறது.

கிழக்கே நேபாள எல்லையிலுள்ள காக்கர்பிட்டாவிலிருந்து இந்தியாவின் குறுகிய நிலப்பகுதியைக் கடந்து வங்கதேசத்தின் பங்களாபந்தா வழியாக மோங்லா, சட்டோகிராம் துறைமுகங்களை அடையவும் வழி உண்டு. கங்கையில் ஹால்டியா முதல் பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர் நீளமுள்ள முதலாம் தேசிய நீர்வழியில் படகுச் சரக்கைப் பீகாரின் காலுகாட் வரை கொண்டுவந்து அங்கிருந்து சாலையேற்றுவது மற்றொரு திட்டம். எடை மிகுந்த, அவசரமில்லாத சரக்குக்கு நீர்வழி ஏற்றது. எரிபொருளுக்கு வேறு விதத் தீர்வு கிடைத்தது. பீகாரின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய்வழி 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் எல்லை கடந்த முதல் எண்ணெய்க் குழாய்வழி அதுவே. குழாய்க்குள் ஓடும் எண்ணெய் சோதனைச் சாவடி வரிசையில் நிற்பதில்லை.

சுமைகூலியின் தோளிலிருந்து கம்பிவடத்துக்கும், அதிலிருந்து லாரிக்கும், படிவத்திலிருந்து மின்னணுப் பூட்டுக்கும் வந்த இந்த நூறாண்டு மாற்றங்கள் ஒவ்வொன்றும் சரக்கு நின்ற ஓர் இடத்தையோ, நின்ற ஒரு காரணத்தையோ நீக்கின. கொல்கத்தாத் துறையில் படிவத்துக்காக நின்றது நீங்கியது. எல்லையில் பெட்டகம் பிரிக்கப்படுவதும், மழையில் சாலை அடைபடுவதும், பெட்டகங்கள் காலியாகத் திரும்புவதும் இன்னும் நீங்கவில்லை. முதலிரண்டும் விரைவுச்சாலை முடிவதைப் பொறுத்தவை. மூன்றாவது, நேபாளத்தின் தறிகளிலும் தோட்டங்களிலும் ஆலைகளிலும் பெட்டகத்தை நிரப்பக்கூடிய அளவுக்கு ஏற்றுமதிப் பொருள் உற்பத்தியாகும்போதுதான் தீரும்.